முதுமை என்றொரு தேடுசொல்

துவாக்குடியில் முப்பது வருஷம் பட்டறைகளில் வெல்டிங் வேலை பார்த்தவர் அவர். வயது ஐம்பத்தைந்து. பார்வை மங்கிவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 'வயசாயிடுச்சு, வேற ஆள் பாத்துக்கிறோம்' என்று அனுப்பிவிட்டார்கள். இவரைப் போன்றவர்களுக்காகத் துண்டுப் பிரசுரம் தயாரிக்கிற நண்பர்கள், "முதுமை பத்தி என்னென்ன எழுதியிருக்காங்கன்னு கொஞ்சம் தேடிக் குடுங்க தோழர்" என்றார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்டால் புறநானூற்றில்தான் ஆரம்பிப்பான் என்பது அவர்களுக்குத் தெரியாது போலும். ஆனாலும் கணினியின் முன் உட்கார்ந்தேன். அப்போது விளங்கியதை, இப்படித் தேட நேர்கிற பிறருக்காகவும் எழுதுகிறேன்.

முதல் குழப்பம் 'இலக்கியம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'லிட்டரேச்சர்' என்பது கதை, கவிதையை மட்டுமல்ல, ஒரு பொருள் குறித்து ஆய்வுலகில் வெளியான எல்லாவற்றையும் குறிக்கும். ஆகவே 'முதுமை பற்றிய இலக்கியம்' கேட்டால் எலும்புத் தேய்மானம், மறதி நோய், ஓய்வூதியம் என்றுதான் வந்து விழுகிறது. அதுவும் பெரும்பாலும் முழுக் கட்டுரையாக அல்ல. தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, சுருக்கம், இவற்றோடு யாரோ ஒருவர் ஒட்டிவைத்த பொருள் தலைப்புகள். பழைய நூலகத்துக் கார்டுப் பெட்டிதான், திரைக்கு வந்திருக்கிறது.

அந்த ஒட்டிவைத்தலில்தான் அதிகாரம் இருக்கிறது. (ஃபூக்கோவை இழுக்காமலே இதைப் பேசிவிட முடியும் என்று நம்புகிறேன்.) முதுமைக்கென்றே இருக்கிற தரவுத்தளம் ஏஜ்லைன். அமெரிக்க ஓய்வுபெற்றோர் சங்கமான ஏ.ஏ.ஆர்.பி. உருவாக்கி, பிறகு எப்ஸ்கோ நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. சந்தா கட்டிய நூலகம் வழியாகத்தான் நுழைய முடியும். 1958இல் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் தொடங்கிய சங்கம் அது. ஏஜ்லைனுக்கு மனிதர் ஐம்பதிலேயே பொருட்படுத்தத் தக்கவராகிவிடுகிறார். காசில்லாமல் கிடைக்கும் பப்மெட்டிலோ 'ஏஜ்டு' என்ற தலைப்பு அறுபத்தைந்தில்தான் தொடங்கும். 45 முதல் 64 வரை 'மிடில் ஏஜ்டு'. நம் நாட்டின் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூத்த குடிமகனுக்கு வயது அறுபது. ஆக, நம் வெல்டர் ஒரு பட்டியலில் முதியவர், இன்னொன்றில் நடுவயதுக்காரர், சட்டத்தின் கண்ணில் இன்னும் மூத்தவர் ஆகாதவர். பட்டறையில் மட்டும் சந்தேகமில்லாமல் கிழவர்.

எனவே பப்மெட்டில் இவரை முதுமையில் தேடிப் பயனில்லை. 'வெல்டிங்' என்றே ஒரு தலைப்பு இருக்கிறது. 'தொழில்சார் நோய்கள்' என்று இன்னொன்று. இரண்டையும் 'ஆண்டு' (அதாவது 'இதுவும் அதுவும்') போட்டு இணைத்து, வயதை நடுவயதாக வைத்துத் தேடினால்தான் நமக்கு வேண்டியவை அகப்படும். 'ஆர்' போட்டால் 'இது அல்லது அது', வலை அகலும். இன்னொன்று: 'ஏஜ்டு' ஆட்களைக் குறிக்கும் தலைப்பு, 'ஏஜிங்' உடல் மூப்படைகிற நிகழ்வைக் குறிப்பது. இந்த 'ஏஜிங்'கை அமெரிக்கர்கள் நடுவில் 'இ' இல்லாமல் எழுதுவார்கள், நம்மவர்கள் 'இ' போட்டு எழுதுவார்கள். இரண்டையும் கொடுக்காவிட்டால் இந்தியாவில் எழுதப்பட்டதில் கணிசமான பகுதி நழுவிப்போகும்.

தலைக்கூத்தலைத் தேடியபோது சிக்கல் வேறு விதமாக இருந்தது. தென் மாவட்டங்களில் படுக்கையில் விழுந்த முதியவரை விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்தே முடித்துவிடுகிற வழக்கம். ஆங்கிலத்தில் இதை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள், ஐந்தாறையாவது முயல வேண்டும். அதைவிட முக்கியம், எந்தத் தலைப்பின்கீழ் தேடுவது? 'கருணைக்கொலை' என்றால் குடும்பத்தின் பக்கம் நிற்கிறோம், 'முதியோர் கொடுமை' என்றால் சமூகநலத் துறையின் மொழிக்குள் போகிறோம், 'கொலை' என்றால் போலீஸ். வறுமை என்ற தலைப்பில் தேட வேண்டும் என்று முதலில் எனக்கே தோன்றவில்லை.

தமிழுக்கு வருவோம். சங்கப் பாடல்களைக் கணினியில் இட்டு 'கிழவன்' என்று தேடிப் பாருங்கள், மூப்பெய்தியவர் வரமாட்டார்; உரிமையுடையவன் என்ற பொருளில் தலைவன்தான் வருவான். கோல் ஊன்றி நின்று பிள்ளைப் பருவத்தை நினைத்து இரங்குகிற தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டில் (புறம் 243) 'முதுமை' என்ற சொல்லே கிடையாது. 'இளமை' என்று தேடினால் அது கிடைக்கும்! கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' (1976) மங்கத்தாயாரு அம்மாள் என்ற பூட்டியின் நினைவில் பாதி நிற்கிறது. நூலகப் பட்டியலில் அது 'நாவல்', அவ்வளவுதான். நம் கதைகளுக்கு எழுதியவர் பேரும் வருஷமும் குறிக்கிறோமே தவிர, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று குறிப்பதில்லை. சிறுபத்திரிகைத் தொகுப்பு வீட்டில் வைத்திருக்கிற நண்பர்கள் கதைக்கு ஒரு கார்டு எழுதினாலே போதும்: பாத்திரத்தின் வயது, வேலை, யார் வீட்டில் இருக்கிறார், யார் சோறு போடுகிறார்கள். கடைசி இரண்டும் எந்த அமெரிக்கப் பட்டியலிலும் என் கண்ணில் படவில்லை.

பிரசுரத்துக்குத் தலைப்பு இன்னும் வைக்கவில்லை. 'முதிய தொழிலாளர்கள்' என்று நண்பர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். "நான் என்ன கிழவனா? அத அடிங்க தம்பி," என்றாராம் அவர்.