முதல் பாயிண்ட் டூ டூ ரைஃபிள்

தேசிய மாணவர் படையில் பயின்ற தமிழக மாணவர்கள் பலரும் வாழ்வில் முதன்முறையாகச் சுட்டுப் பார்த்தது, பேச்சு வழக்கில் ‘பாயிண்ட் டூ டூ’ எனப்படும் .22 ரைஃபிளைத்தான். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றபோது சுட்டதும் அதே அளவுத் தோட்டாவையே. தொடக்கநிலையாளருக்கும் ஒலிம்பிக் வீரருக்கும் ஒரே தோட்டா பொருந்துவதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘.22 லாங் ரைஃபிள்’ தோட்டாவில், பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள் தீப்பற்றும் கலவை பூசப்பட்டிருக்கும்; ஊசி அவ்விளிம்பை நசுக்கியதும் கலவை பற்றி, வெடிமருந்தை எரியச் செய்யும். இதனால் இதற்கு விளிம்புவெடித் தோட்டா என்று பெயர். ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு, வழக்கமான வகைகளில் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே செல்வதால் தோளில் உதைப்பு பெயரளவுக்கே இருக்கும். எனவே வெடிச் சத்தத்துக்கும் உதைப்புக்கும் அஞ்சிக் கண்ணை மூடும் பழக்கம் கற்பவரிடம் எளிதில் படிவதில்லை.

இந்தத் தோட்டாவைச் சுடக் கற்பவருக்கு ஏற்றது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். போல்ட் ஆக்‌ஷன் என்பது, கதவுத் தாழ்ப்பாளைப் போலக் கையால் தூக்கிப் பின்னிழுத்து, முன்தள்ளி இறக்கும் உருளையால் குழலின் பின்புறத்தை அடைக்கும் முறையாகும். ஒவ்வொரு குண்டுக்கும் கை இந்த வேலையைச் செய்தாக வேண்டியிருப்பதால், கற்பவர் சுட்டதை எண்ணிப் பார்க்காமல் அடுத்ததைச் சுட்டுவிட முடியாது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்கள் விற்பனையில் நிறைய இருந்தாலும், பன்னாட்டு 50 மீட்டர் போட்டிகள் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இடும் ரைஃபிளையே ஏற்கின்றன.

வாங்குபவர் கண் முதலில் குழலின் நீளத்திலோ, கட்டையின் மெருகிலோ, ராணுவத் தோற்றத்திலோ பதிவது இயல்பு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது உடலோடு பொருந்தும் அளவுகளை. விசைக்கும் தோளில் பதியும் தட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரியவர்களுக்கான ரைஃபிள்களில் பொதுவாக 34 செ.மீ. அளவில் இருக்கும், கை குட்டையானவருக்கோ வளரும் பிள்ளைக்கோ இது மிகுதியாகிவிட்டால், கழுத்தை நீட்டியும் தோளை ஒடுக்கியும் அவர் ஈடுகட்டுவார், அந்தக் கோணல் பின்னர் எளிதில் நீங்காது. கன்னம் கட்டையில் படிந்த நிலையில் கண் குறிநேர்க்கோட்டில் தானாக வந்து நிற்கிறதா என்பதையும் கண்ணை மூடித் திறந்து சோதிக்கலாம். இடக்கைப் பழக்கமுள்ளவர் போல்ட் இடப்புறம் அமைந்த ரைஃபிளைத் தேடுவது வீண் ஆடம்பரமல்ல. எடையைப் பொறுத்தவரை, போட்டி ரைஃபிள் 8 கிலோ வரை இருக்கலாம் என்று விதிகள் அனுமதித்தாலும், அந்த எடையை நின்றபடி தாங்கும் உடற்பழக்கம் வந்த பிறகே அது உதவும். சுமார் 3 கிலோ எடையுள்ள ரைஃபிளில் தொடங்குவதால் குறையொன்றும் இல்லை.

அடுத்தது விசை. மெதுவாகக் குண்டு செல்லும் .22 ரைஃபிளில், விசை விழுந்த பின்னும் குண்டு குழலை விட்டு வெளியேறச் சில மில்லி விநாடிகள் ஆகும். அதற்குள் கை அசைந்தால் குண்டும் விலகும். கனமாகவும் சொரசொரப்பாகவும் இழுபடும் விசை அந்த அசைவை உண்டாக்கும் என்பதால், இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள செக் நாட்டு சிஇசட் 457, அமெரிக்காவின் சாவேஜ் மார்க் 2 போன்றவை தொடக்கநிலையாளருக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. ஜெர்மனியின் அன்ஷூட்ஸ் நிறுவனப் போட்டி ரைஃபிள் இவற்றைவிடப் பன்மடங்கு விலையுடையது. எனினும் நன்கு பராமரிக்கப்பட்ட பழைய அன்ஷூட்ஸ் ஒன்று கிடைக்குமாயின், பளபளப்பான புதிய ரைஃபிளைவிட அதுவே மேலான தேர்வு. நீண்ட குழல் வேகத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கை இத்தோட்டாவுக்குப் பொருந்தாது. அதன் சிறிதளவு மருந்து ஏறத்தாழ 45 செ.மீ. நீளத்துக்குள்ளேயே வேலையை முடித்துவிடுகிறது. குழல் நீள்வதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடி, குறிபார்ப்பதில் ஏற்படும் பிழை குறையும் என்பதே அதன் பயன். தொலைநோக்கி பொருத்த விரும்புபவர், அது 50 மீட்டர் தொலைவில் பார்ப்பதற்கேற்பச் சரிசெய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். 50 மீட்டர் போட்டிகளிலோ அதற்கு இடமில்லை, சிறு துளை வழியாகப் பார்க்கும் பின்குறியே வழக்கம்.

இந்தியாவில் இந்த ரைஃபிளை வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. அதன் பொருட்டுக் காத்திருக்கும் காலத்தில், ரைஃபிள் கழகத்தில் சேர்ந்து அங்குள்ள பல ரைஃபிள்களைத் தோளில் வைத்துப் பார்ப்பவர், தம் உடலுக்கு எது ஒத்துவரும் என்பதை விளம்பரங்களைவிடத் தெளிவாக அறிந்துகொள்வார். சிறு தோட்டாதானே என்ற அலட்சியம் அங்கே செல்லாது, இதன் குண்டு ஒன்றரை மைல் வரை செல்லக்கூடியது.

ரைஃபிளுக்கென ஒதுக்கிய பணம் முழுவதையும் ரைஃபிளிலேயே செலவழிப்பது பலரும் செய்யும் பிழை; ஒரு பங்கைத் தோட்டாவுக்கு வைக்க வேண்டும். விளிம்புவெடித் தோட்டாவைச் சுட்டபின் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவது நடைமுறையில் இயலாததால், ஆலையில் செய்து வரும் தரமே இறுதித் தரம். அந்தத் தரமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மட்டுமன்றி, ஒரே நிறுவனத்தின் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதியும் மாறும். மேலும், ஒரு குழலுக்கு ஒத்துவரும் தோட்டா அதே ஆலையில் செய்த மற்றொரு குழலுக்கு ஒத்துவராமல் போகலாம். அதிவேகத் தோட்டா நேராகப் போகும் என்ற எண்ணமும் தவறு: ஒலியைவிட விரைவாகக் கிளம்பும் குண்டு வழியிலேயே ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும் வரை காற்றின் எதிர்ப்பு மிகுதியாக இருப்பதால், மெதுவாகச் செல்லும் குண்டைவிடப் பக்கக் காற்றில் அதிகம் ஒதுங்குகிறது. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே என்னும்போது இந்த ஒதுக்கம் சிறிதல்ல. ஆகவே, நடுத்தர விலையில் மூன்று நான்கு வகை வழக்கமான வேகத் தோட்டாக்களை வாங்கி, தாங்கியின்மேல் ரைஃபிளை வைத்து ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்து குண்டுகளாகப் பலமுறை சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதை, அதாவது ‘குரூப்பிங்’ அளவை, ஒப்பிட வேண்டும். வகையை மாற்றியதும் சுடும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கலாகாது, ஏனெனில் குண்டின்மேல் பூசிய மெழுகு குழலின் உட்புறத்தில் புதிதாகப் படிந்து சீராகச் சற்று நேரமாகும். எந்தப் பெட்டியின் குண்டுகள் நெருங்கி விழுகின்றனவோ, அதில் அச்சிட்டுள்ள தொகுதி எண்ணைக் குறித்துவைத்து, அதே எண்ணுடைய பெட்டிகளைக் கையில் உள்ள பணத்துக்கு இயன்ற அளவும் உரிமம் அனுமதிக்கும் அளவும் வாங்கிவிடுவதே போட்டியாளர்களின் வழக்கம்.