சும்மா இருக்கத் தெரிந்த கண்

10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டின் நடுப்பொட்டு 0.5 மில்லிமீட்டர்தான், பேனா முனையால் தொட்டு வைத்த புள்ளி போல. தகுதிச் சுற்றில் 60 முறை அதைத் தேடிச் சுட வேண்டும். அவகாசம் 75 நிமிடம்.

காகித டார்கெட் காலத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் ஒரு சின்ன வேலை இருந்தது. சுவிட்சை அழுத்தினாலோ கைப்பிடியைச் சுற்றினாலோ அட்டை ஊர்ந்து வரும். கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி அனுப்ப வேண்டும். அந்தச் சில நொடிகள் கண்ணுக்கும் மனசுக்கும் ஓய்வு. சுட்டு முடித்த பிறகும், அட்டைகளை எண்ணி முடிக்கும்வரை தன் இடம் உறுதியாகத் தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சலிப்பான நேரம்தான். அந்தச் சலிப்பும் ஒரு பயிற்சியாக இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் மூன்றாவதாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து ஏழாவதாக முடித்தவர் நம் ஏர் ரைபிள் வீரர் அபினவ் பிந்த்ரா. 2008 பெய்ஜிங்கில், கடைசி ஷாட்டுக்கு முன் அவரும் ஃபின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினெனும் சமநிலை. ஹாக்கினென் சுட்டது 9.7, பிந்த்ரா 10.8. நம் ஊரில் ஸ்மார்ட்போன் பலர் கைக்கு வந்திராத ஆண்டு அது.

காகித அட்டையின் இடத்தில் இன்று மின்னணு டார்கெட் தசமப் புள்ளியோடு அந்தக் கணமே ஸ்கோரைக் காட்டிவிடுகிறது. சுடும் இடத்தில் போனுக்கும் ஸ்மார்ட் வாட்சுக்கும் தடை. போனால் கெடுதல் நடப்பது அந்த இடத்துக்கு வெளியே: பஸ்ஸில், காத்திருக்கும் அறையில், முந்தின இரவில். யார் எத்தனை அடித்தார்கள், யார் என்ன எழுதினார்கள், நடுவே ரீல்ஸ்.

பிரேசிலில் கால்பந்து வீரர்களை வைத்து ஆராய்ந்தார்கள். ஆட்டத்துக்கு முன் 30 நிமிடம் போனில் சமூக வலைத்தளம் பார்த்தவர்கள் பந்தை யாருக்குத் தட்டுவது என்று முடிவெடுப்பதில் சறுக்கினார்கள். துப்பாக்கி சுடுபவருக்கும் முடிவுதான் உயிர். குறி லேசாக ஆடுகிறது, மூச்சு சரியாக அமையவில்லை என்று தோன்றினால் சுடாமல் ரைபிளை இறக்கிவிட வேண்டும். மூச்சு வாங்கி மறுபடி தொடங்க வேண்டும். போன் பார்த்துக் களைத்த மனம் இறக்காது. ‘பரவாயில்லை, போகட்டும்’ என்று விசையை இழுத்துவிடும். 10.5 வரவேண்டிய இடத்தில் 9.6 விழும். பிடிக்காததை நொடியில் தள்ளிவிடப் பழகிய விரலிடம் இந்தப் பொறுமையைக் கேட்கிறோம். கனடா ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் கண்டதும் இதை ஒட்டியதுதான்: தேர்ந்தவர்களின் பார்வை, செயலுக்குச் சற்று முன் இலக்கில் கூடுதல் நேரம் அசையாமல் நிற்கிறது.

ரியோ ஒலிம்பிக்ஸுக்கு முன் பாட்மின்டன் வீராங்கனை பி.வி. சிந்துவின் போனை மூன்று மாதம் வாங்கி வைத்துக்கொண்டார் அவருடைய கோச் கோபிசந்த். துப்பாக்கி சுடும் பிள்ளைகளிடம் அப்படிப் பிடுங்கிவிட முடியாது. நிற்கும் விதத்தைப் படமெடுத்துப் பிழை காட்டுவதும் அதே போன்தான். ஆனாலும் போட்டிக்கு முந்தைய ஒரு மணி நேரம் அது கோச்சின் பையில் இருக்கட்டும். கடைசி ஷாட் முடிந்த கையோடு ‘எத்தனை?’ என்று மெசேஜ் அனுப்பும் அப்பா அம்மாவும் மாலைவரை பொறுத்துக்கொள்ளட்டும்.