ரயில் போன தடத்தில் சைக்கிள்

இங்கிலாந்தின் பிரிஸ்டல், பாத் நகரங்களை இணைத்த பழைய ரயில் தடத்தில் 1966இல் பயணிகள் சேவை நின்றது. 1979 முதல் 1986 வரை தன்னார்வலர்கள் பாடுபட்டு அதைச் சைக்கிள் பாதையாக்கினார்கள். நீளம் சுமார் 21 கிலோமீட்டர். காருக்கும் லாரிக்கும் அங்கே இடமில்லை.

சைக்கிள் பாதைக்கு ரயில் தடத்தைவிடத் தோதான இடம் கிடையாது. நீராவி எஞ்சின் செங்குத்தான மேடுகளில் திணறும் என்பதால், அன்றே ஏற்றங்களைச் சமப்படுத்திவிட்டார்கள். சாலைகளைக் கடக்கப் பாலங்களும் தயார். ஸ்டேப்பிள் ஹில்லில் குன்றைக் குடைந்த சுரங்கத்துக்குள் வரிசையாக விளக்குகள். அந்த வெளிச்சத்தில் மிதித்துக்கொண்டே மறுபக்கம் போய்விடலாம்.

இப்படிப்பட்ட பாதைகளில் சிக்கல் கடைசிக் கிலோமீட்டரில்தான். பாதை முடியும் இடத்திலிருந்து ரயில் நிலையம்வரை நகர நெரிசலில் நுழைய வேண்டியிருந்தால், குழந்தையோடு வருபவர் தயங்குவார். திட்டமிடுபவர்கள் அந்தத் துண்டுக்குத்தான் முதலில் நிலமும் பணமும் ஒதுக்க வேண்டும்.