இரவில் வரும் லாரியும் வெயிலில் இயங்கும் கேமராவும்

விழிஞ்ஞம் என்றவுடன் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட துறைமுகம். அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே சென்றால் வெள்ளாயணிக் காயலும் அதன் கரையில் புஞ்சக்கரி வயல்களும் காணக் கிடைக்கின்றன. சுற்றிலும் தென்னை, வாழை, மரச்சீனி, காய்கறித் தோட்டங்கள். விழிஞ்ஞம், கல்லியூர், வெங்ஙானூர் பகுதிகளுக்குக் குடிநீர் தருவதும் இந்த நன்னீர்க் காயலே. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரையிலான தேசிய நெடுஞ்சாலை 66-இன் புறவழிச்சாலையும் இப்பகுதி வழியாகவே செல்கிறது. நல்ல சாலை விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்கிறது. அதே சாலை, நள்ளிரவில் கழிவு லாரியையும் வயலோரத்துக்குக் கொண்டுவரக் கூடும்.

உரிமையாளர் தொலைவில் வசிக்கும் நிலம், மின் இணைப்பில்லாத தோட்டம், கதவில்லாத வண்டிப்பாதை ஆகிய மூன்றும் சேரும் இடத்தையே கழிவு கொட்டுவோர் தேடுகின்றனர். அத்தகைய நிலங்களுக்கு, மின்கம்பியும் இணையக் கம்பியும் இன்றிச் சூரிய ஒளியால் இயங்கும் கண்காணிப்புக் கேமரா எவ்வளவு தூரம் உதவும் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

கழிவு பயணம் செய்யும் வழி

திருவனந்தபுரம் நகரின் குப்பையைப் பெற்றுவந்த விளப்பில்சாலை ஆலை, ஊர்மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகு வீடுதோறும் தரம்பிரித்தல், வட்டாரந்தோறும் உரமாக்குதல், ஹரித கர்ம சேனை வழியாகப் பிளாஸ்டிக் சேகரித்தல் என நகரம் வேறு பாதையை மேற்கொண்டது. எனினும் எந்த ஏற்பாட்டிலும் கசிவு உண்டு. முறையாக அகற்றக் கட்டணம் செலுத்த வேண்டும். இருட்டில் கொட்டினால் லாரி வாடகை மட்டுமே செலவு. இந்த வேறுபாடே சட்டவிரோதக் கழிவு வணிகத்தின் முதலீடு.

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் கொடகநல்லூர், பழவூர் பகுதிகளில் நிகழ்ந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவு அங்கே கொட்டப்பட்டிருந்தது, குவியலில் கிடந்த ஆவணங்களால் தெரியவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அதனை மூன்று நாள்களுக்குள் அகற்றுமாறு கேரளத்துக்கு ஆணையிட்டது. டிசம்பர் 22 அன்று லாரிகள் வந்து கழிவைத் திரும்ப ஏற்றிச் சென்றன. காகிதம் இருந்ததால் மூலம் தெரிந்தது. காகிதமில்லாத குவியலுக்கு முகவரி இல்லை. அந்த முகவரியைத் தருவதே கேமராவின் பணி.

உழவருக்கு நேரும் இழப்பு

கொட்டியவர் போய்விடுகிறார், குவியல் நில உரிமையாளரிடம் தங்கிவிடுகிறது. கட்டடக் கழிவு வடிகாலை அடைக்கிறது. கண்ணாடித் துண்டும் ஊசியும் நாற்று நடுபவரின் காலைக் கிழிக்கின்றன. கழிப்பறைக் கழிவு கிணற்றையும் காயலையும் கெடுக்கிறது. நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் நிரப்புவதைத் தடுக்கும் சட்டம் கேரளத்தில் 2008 முதல் நடைமுறையில் உள்ளது. வயலில் மண்ணும் இடிபாடும் ஏறினால், அதை நிரப்பியது தாம் அல்லர் என விளக்கும் சுமை உரிமையாளரின் தலையில் விழக்கூடும். நிலத்தின் மதிப்பைக் கணிக்க வருபவரின் கண்ணிலும் முதலில் படுவது அக்குவியலே.

கருவியும் அதன் கணக்கும்

சூரியத் தகடு, மின்கலம், கேமரா, சிம் அட்டை, நினைவக அட்டை ஆகிய ஐந்தும் சேர்ந்ததே இக்கருவி. இதில் இரு வகைகள் உண்டு. முதலாவது, உடல் வெப்பத்தின் அசைவை உணர்ந்தபோது மட்டும் விழித்தெழுவது. இதற்குச் சிறு மின்கலம் போதும். ஆனால் ஏறத்தாழப் பத்து மீட்டருக்கு அப்பால் அதன் உணர்திறன் குறையும். இரண்டாவது, இரவும் பகலும் இடைவிடாது பதிவு செய்வது.

இரண்டாம் வகைக்கு ஓர் எளிய கணக்கைக் காண்போம். கேமரா 5 வாட் மின்சாரம் கொள்வதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 120 வாட்-மணி தேவை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் பகுதி இது. ஆகவே வெயில் காணாத மூன்று நாள்களுக்கு 360 வாட்-மணி சேமிப்பில் இருக்க வேண்டும். 12.8 வோல்ட், 40 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் மின்கலம் 512 வாட்-மணி தரும். அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பயன்படுத்தினாலும் தேவை நிறைவேறும். மழைக்காலத்தில் மூன்று மணி நேர நல்வெயில் கிடைத்தால், 80 வாட் தகடு இழப்புகள் போக ஏறத்தாழ 168 வாட்-மணி ஈட்டும். அன்றைய செலவு போக எஞ்சுவது, குறைந்த சேமிப்பை மெல்ல நிரப்பும். விற்பனையாளர் தரும் விவரத்தை இவ்வாறே கூட்டிக் கழித்துப் பார்த்த பின் வாங்குவது நலம்.

தென்னையோலையின் சிறு நிழலும் தகட்டின் உற்பத்தியைக் கணிசமாகக் குறைக்கும். தகடு தெற்கு நோக்கி, மழைநீர் தங்காத சரிவில் அமையட்டும். உப்புக்காற்றைத் தாங்கத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் அவசியம். 2025 ஏப்ரல் முதல் கண்காணிப்புக் கேமராக்களுக்கு நடுவண் அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளதால், அச்சான்று உள்ளதா எனக் கேட்டு வாங்கவும்.

எங்கே பொருத்துவது?

பலர் குவியல் விழும் இடத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பி வைக்கின்றனர். இருளில் ஒரு லாரியின் உருவம் மட்டும் பதிவாகிறது, எண் தெரிவதில்லை. வண்டி வேகம் குறையும் நுழைவாயிலில், எண் பலகைக்கு அதிகம் சாயாத கோணத்தில் ஒரு கேமராவும், கொட்டும் செயலைக் காட்டும் அகன்ற பார்வையில் மற்றொன்றும் வைப்பதே பயன்தரும். முகப்பு விளக்கின் ஒளி நேராக வில்லையில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்கிய அன்றிரவே தம் வண்டியை ஓட்டிச்சென்று எண் தெரிகிறதா எனச் சோதிப்பது சிறந்தது.

தடுப்பதே நோக்கமாதலால், கண்காணிப்பு உண்டு என்னும் பலகை மலையாளத்திலும் தமிழிலும் தெளிவாக இருக்கட்டும். ஒரு சங்கிலிக் கதவு, கேமராவின் பாதி வேலையைச் செய்துவிடும். அண்டை வீட்டின் முற்றமோ குளிக்கும் துறையோ படத்தில் விழாதபடி கோணத்தை அமைப்பது நம் கடமை.

காட்சி சான்றாவது எப்படி?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் அளிக்கும்போது உரிய சான்றிதழும் இணைய வேண்டும். ஆகவே கருவியின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என மாதந்தோறும் பார்க்கவும். நிகழ்வு பதிவானால், மூலக் கோப்பை வெட்டாமலும் திருத்தாமலும் நினைவக அட்டையோடு தனியே எடுத்து வைக்கவும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி தகவலுக்கு உதவும், மூலத்துக்கு ஈடாகாது. பின்னர் உள்ளாட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்து வடிவில் புகார் அளித்து, ஒப்புகை பெறவும்.

நீர்நிலையில் கழிவு கொட்டினால் 50,000 ரூபாய் வரை அபராதமும் சிறைத்தண்டனையும் விதிக்கக் கேரளச் சட்டம் இடமளிக்கிறது. சான்றுடன் தகவல் தருவோருக்கு வெகுமதி அளிக்கும் திட்டத்தையும் அம்மாநில அரசு 2023-இல் கொண்டுவந்தது. இரவில் லாரியைத் தாமே மறித்து நிறுத்த முயல வேண்டாம். உயிருக்கு ஈடாக எந்த வயலும் இல்லை.

செலவும் எல்லையும்

கருவியின் விலையோடு சிம் கட்டணம், சில ஆண்டுகளில் மின்கலம் மாற்றும் செலவு, திருட்டுக்கான காப்பீடு ஆகியவற்றையும் கணக்கில் கொள்க. கிசான் கடன் அட்டை வைத்திருப்போர், பண்ணைச் சொத்துப் பராமரிப்புக்கான வரம்பில் இச்செலவு இடம்பெறுமா எனத் தம் கிளை மேலாளரிடம் கேட்டறியலாம். நான்கைந்து நிலங்களுக்கு ஒரே வண்டிப்பாதை இருக்குமாயின், அண்டை உழவர்கள் சேர்ந்து நுழைவாயிலில் ஒரே கருவியை அமைப்பது சிக்கனமானது. பலர் கண்காணிப்பதால் வலிமையும் மிகும்.

ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஒரு வயலில் கேமராவைக் கண்ட லாரி, கேமரா இல்லாத வேறொரு வயலைத் தேடிச் செல்லக் கூடும். விழிஞ்ஞத்தில் தடுக்கப்பட்டது களியக்காவிளையைத் தாண்டி இறங்கினால் யாருக்கும் நன்மையில்லை. எனவே பதிவான ஒவ்வொரு எண்ணும் புகாராக வேண்டும். புகார் முடியும்வரை உழவர் பின்தொடர வேண்டும். தம் நிலத்தை விட்டு லாரி அகன்றால் போதும் என்று எண்ணாமல், அது எங்கிருந்து புறப்பட்டது என்பதை வெளிக்கொணர்வதே நாம் இடும் முதலுக்குக் கிடைக்கும் உண்மையான வட்டி.