வெள்ளைப் பின்னணியில் மாநிற முகங்கள்

தீபாவளி நெருங்கும்போது குடும்பப் படம் எடுக்கும் ஆசை பல வீடுகளில் எழும். வெள்ளைப் பின்னணி, அழுத்தமான நிழலே இல்லாத வெளிச்சம், சிரித்த முகங்கள். புகைப்படக்காரர்கள் இதை ‘ஹை கீ’ என்பார்கள். திரைப்பட ஒளிப்பதிவிலிருந்து வந்த சொல் இது. முகத்தில் விழும் முதன்மை விளக்குக்கு ‘கீ’ என்று பெயர். அதற்கும், நிழலை நிரப்பும் துணை விளக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்துவிட்டால் படம் முழுக்க வெளிச்சமாகவும் லேசாகவும் தெரியும். பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஒளியூட்டப்பட்டன.

வெள்ளைச் சுவர்முன் நிறுத்தி எடுத்தாலே ஹை கீ ஆகிவிடாது. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குக் கேட்கப்படும் 35 மி.மீ. அகல, 45 மி.மீ. உயரப் படத்துக்கும் வெள்ளைப் பின்னணிதான். அதை யாரும் வரவேற்பறையில் மாட்டி வைப்பதில்லை.

நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பின்னணி வெண்மையாக வேண்டும் என்று மொத்த வெளிச்சத்தையும் ஏற்றிவிடுகிறார்கள். சுவரோடு சேர்ந்து முகமும் வெளுக்கிறது. ‘கலரா வந்திருக்கே’ என்று சிலர் மகிழ்வதும் உண்டு. ஆனால், மாநிறமும் போய், கன்னத்துச் சுருக்கமும் போய், மூக்குத்தி மட்டும் மிஞ்சினால் அது பாட்டியின் படமா? இந்தக் கோணல் வண்ணப் படச்சுருள் காலத்திலேயே இருந்தது. கோடாக் நிறுவனத்தின் ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள். அவர்களின் தோல் நிறத்தை வைத்தே படம் அச்சிடும் இயந்திரங்களைச் சரிசெய்தார்கள்.

பின்னணிக்கும் முகத்துக்கும் தனித்தனியாக ஒளியூட்டுவதே இதற்கு வழி. பின்னணித் திரைக்கு இருபுறமும் ஒவ்வொரு விளக்கு. படம் எடுக்கப்படுபவர் திரையிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னால் நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் திரையில் பட்டுத் திரும்பும் ஒளி காது ஓரத்தையும் தோளையும் கரைத்துவிடும். ஒளிமானியில் முகம் எஃப் 8 காட்டினால் திரை எஃப் 11 காட்டட்டும். அதாவது ஒரு ஸ்டாப், இருமடங்கு ஒளி. பெரும்பாலும் அது போதும். இரண்டு ஸ்டாப்புக்கு மேல் போனால் படம் முழுவதும் வெண்புகை படர்ந்ததுபோல் மங்கிவிடும்.

முகத்துக்குப் பெரிய சாஃப்ட்பாக்ஸ் ஒன்று, கண் மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில். மறுபுறம் வெள்ளை அட்டை. மாநிறத் தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. பெரிய விளக்கு அந்தப் பளபளப்பைக் கன்னத்தில் மெதுவாகப் பரப்பும். சிறிய விளக்கு நெற்றியில் எண்ணெய்த் திட்டாக்கும். மூக்குக் கண்ணாடி அணிந்தவரானால் விளக்கை இன்னும் உயர்த்துங்கள். கண்ணாடியின் காதுப்பகுதியை இம்மி மேலே தூக்கினால் பிரதிபலிப்பு கீழே போய்விடும்.

நிற்கும் விதத்துக்கு வருவோம். கேமராவுக்கு நேராக நெஞ்சை நிமிர்த்தி நிற்பது அணிவகுப்புக்குத்தான் சரி. உடலைச் சற்றுத் திருப்பி, பின்காலில் எடையை வைத்து, முகத்தை மட்டும் கேமராவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தாடையைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டி லேசாகத் தாழ்த்தினால் கழுத்து மடிப்பு மறையும். நிழல் குறைவான படத்தில் உடல்வடிவத்தைக் காட்டுவது ஓரக்கோடுதான் என்பதால், கை இடுப்போடு ஒட்டாமல் சிறு இடைவெளி இருப்பது முக்கியம். குடும்பமாக எடுக்கும்போது தலைகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டாம். பெரியவர்களை உட்கார வைத்தால் அந்த ஏற்ற இறக்கம் தானாக அமையும். அவர்களின் முழங்காலுக்கும் நல்லது.

மல்லிகைச் சரம் கருங்கூந்தல்மேல் இருக்கும்வரை தெரியும். தலையின் ஓரத்துக்கு வந்துவிட்டால் வெள்ளைத் திரையில் காணாமல் போகும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைக்கும் இதே கதி. வெளிர் மஞ்சள், இளநீலம், இளஞ்சிவப்பு போன்ற நிறங்கள் இந்தப் பாணிக்குப் பாந்தமாக இருக்கும்.

கேமரா கண் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்கட்டும். குழந்தை என்றால் புகைப்படக்காரர்தான் தரையில் உட்கார வேண்டும். கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று இருமடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள்.

ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வீவக வீட்டின் பெரிய சன்னலில் மெல்லிய வெள்ளைத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அதற்குமுன் ஒருவரை நிறுத்தினால் பின்னணி தயார். அவர் முகத்துக்கு எதிரே வெள்ளை அட்டையோ மடித்த படுக்கை விரிப்போ பிடித்தால், சன்னல் ஒளியே திரும்பி முகத்தில் விழும். கைப்பேசி வெண்மையைப் பார்த்துப் படத்தை இருட்டாக்க முயலும். திரையில் முகத்தைத் தொட்டு, பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, தோல் நிறம் நேரில் பார்ப்பதுபோல் வந்ததும் நிறுத்துங்கள். தோலை மழுமழுவென்று ஆக்கும் ‘பியூட்டி’ வசதியை முதலிலேயே அணைத்துவிடுவது உத்தமம்.

ஸ்டூடியோவில் எடுப்பதானால், முகத்தை வெளுக்க வேண்டாம் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது மெல்லிய சாம்பல் ஓரக்கோடு ஒன்றும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டத்துக்குள் படம் எங்கே முடிகிறது என்றே தெரியாது.