உங்களுக்குத் தெரியுமா? வேலணையின் கட்டடக் கலைஞர்

அல்லைப்பிட்டியில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டினால் கோட்டைக்கு அப்பால் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்கிறதே யாழ்ப்பாணப் பொது நூலகம், 1959இல் திறந்த அந்தக் கட்டடத்தை வரைந்தவர் சென்னைக்காரர் நரசிம்மன். 1981இல் அது எரிந்தபின் திருப்பிக் கட்ட வரைபடம் போட்டவரோ எங்கள் தீவு மனுஷர்: வேலணை வி. எஸ். துரைராஜா.

*

தீயில் போனவை 97,000 நூல்கள். எரிந்த கட்டடத்தின் ஒரு பகுதியை இடிக்காமல் நினைவுக்காக அப்படியே விட்டு, புதிய பகுதி எழுப்புவதென்று முடிவானது. கரிபிடித்த சுவரும் புதுச் சுண்ணாம்பும் அருகருகே! துணிச்சலான யோசனைதான். 1984இல் நூலகம் மறுபடி இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டே குண்டுகள் வெடித்துப் புத்தகங்கள் திரும்பவும் சிதறின. இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் அதற்கும் பிறகு பழைய தோற்றத்துக்கே திருத்தப்பட்டது. எரிந்த சுவரைக் காணோம்.

*

'குத்துவிளக்கு' படம் பார்த்த பழைய ஆட்களிடம் கேளுங்கள். 1972இல் வெளிவந்த அந்த ஈழத்துத் தமிழ்ப் படத்தின் தயாரிப்பாளரும் இதே துரைராஜாதான், இயக்கியவர் டபிள்யூ. எஸ். மகேந்திரன். வீடு கட்டித் தேடிய காசைப் படத்தில் போடுகிறவரை என்னென்பது!

*

வேறு தொழிலிலும் இறங்கிய கட்டடக் கலைஞர் இன்னொருவர், அமெரிக்கர் ஜார்ஜ் நகாஷிமா. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்து கோல்கொண்டே விடுதியைக் கட்ட 1930களின் கடைசியில் வந்தார். கண்ணாடி ஜன்னல் இல்லாமல், திறந்து மூடும் பலகைகளால் காற்றை உள்ளே விட்ட கட்டடம் அது. ஆசிரமத்தில் அவருக்குக் கிடைத்த பெயர் சுந்தரானந்தா. ஊர் திரும்பித் தச்சரானார். அவருக்கு உலகப்புகழ் வந்தது மேசை நாற்காலிகளால்தான்.

*

வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் லெய்டன்.

*

நெடுந்தீவில் பவளக்கல்லைச் சாந்தே பூசாமல் அடுக்கிய வேலிகளுக்கு வரைபடமும் இல்லை, வரைந்தவர் பெயரும் இல்லை. துரைராஜா அப்படி விடவில்லை: நூலகம் எரிந்ததையும் எழுந்ததையும் தானே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதி 1996இல் வெளியிட்டார்.