பண்பலை வானொலி தெளிவாகக் கேட்க எளிய ஏரியல்

மருந்து தெளித்த அன்றே மழை பெய்தால் செலவும் உழைப்பும் வீண். சொர்ணவாரி நெல்லை அறுத்துக் களத்தில் போட்டபின் மழை வந்தால் நஷ்டம் இன்னும் அதிகம். வானிலை அறிவிப்பை முன்கூட்டியே கேட்டால் இவற்றைப் பெரிதும் தவிர்க்கலாம். புயல் நாட்களில் மின்சாரமும் செல்போனும் நின்றுபோனாலும் பாட்டரி ரேடியோ பேசும்.

சென்னையில் பண்பலை ஒலிபரப்பு 1977-ல் தொடங்கியது. பெரிய காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் அது இரைச்சலுடன் கேட்டால், ரேடியோ பழுது என்று எண்ணிப் புது செட் வாங்க வேண்டாம். முதலில் ஏரியலைக் கவனிக்கவும்.

காரணம் என்ன?

மத்திய அலையைப் போல் பண்பலை நிலத்தை ஒட்டி நெடுந்தூரம் செல்லாது. ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும். 150 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை, சமநிலத்தில் சுமார் 50 கிலோமீட்டர் எட்டும். நம் ஏரியல் 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் மேலும் 12 கி.மீ. கிடைக்கும், மேசை உயரத்தில் இருந்தால் 5 கி.மீ. மட்டுமே. காஞ்சிபுரமோ சென்னையிலிருந்து நேர்கோட்டில் 65 கி.மீட்டருக்கு மேல் உள்ளது. அலை வலுவிழக்கும் எல்லையில் இருக்கிறோம். ஆகவே உயரமே முக்கியம்.

செய்முறை

1. ரேடியோவின் இழுப்புக் கம்பியைச் சுமார் 75 செ.மீ. நீட்டி, ஜன்னலோரம் வைத்துப் பார்க்கவும். செல்போனில் கேட்போர் இயர்போன் வயரைச் சுருட்டாமல் நீட்டி வைக்கவும், அதுவே ஏரியல்.

2. போதாவிட்டால், தலா 72 செ.மீ. நீளமுள்ள இரு அலுமினியக் குழாய்களை ஒரே கோட்டில், இடையே 2 செ.மீ. விட்டு, உலர்ந்த மரச்சட்டத்தில் பொருத்தவும்.

3. கேபிள் டி.வி. வயரின் நடுக் கம்பியை ஒரு குழாயிலும், வலை உறையை மற்றதிலும் இணைக்கவும்.

4. மறுமுனையில் நடுக் கம்பியை ரேடியோவின் இழுப்புக் கம்பியில் கிளிப் போட்டு மாட்டவும். வலை உறையைப் பாட்டரியின் நெகடிவ் முனையோடு மெக்கானிக்கைக் கொண்டு இணைக்கவும்.

5. கூரைக்கு மேல் மூங்கிலில் ஏற்றவும். சென்னை நமக்குக் கிழக்கே சற்று வடக்காக உள்ளது. எனவே குழாய்களின் முனைகள் வடக்கு தெற்காக, தென்முனை சிறிது கிழக்கே சாய்ந்து இருக்கட்டும்.

நிலையங்கள் கலந்து கேட்டால்

இந்த ஏரியல் தன் முனைகள் நோக்கும் திசையிலிருந்து வரும் அலையைக் குறைவாகவே வாங்கும். தெற்கே உள்ள புதுச்சேரி நிலையங்களின் குறுக்கீடு இதனாலேயே பெரும்பாலும் தணியும். பிறகும் கலந்தால், செட்டின் உள்ளே உள்ள 10.7 மெகா ஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டரை மாற்றலாம். 280 கிலோ ஹெர்ட்ஸ் அகலமுள்ளதற்குப் பதில் 180 அல்லது 150 போட்டால் பக்கத்து நிலையம் வடிகட்டப்படும். ஃபில்டர் இல்லாத புது வகை செட்டுகளுக்கு இது பொருந்தாது. பூஸ்டர் வாங்க அவசரப்பட வேண்டாம். அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். தரக்குறைவான எல்.இ.டி. விளக்கும் இரைச்சல் தரும், அணைத்துப் பார்க்கவும்.

எச்சரிக்கை

மின்கம்பி அருகே ஏரியல் நிறுத்தவே கூடாது. மூங்கில் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். இடி இடிக்கும் முன்பே வயரைக் கழற்றி வெளியே போட்டுவிடவும். அதன் பின் இழுப்புக் கம்பியுடனேயே செய்தி கேட்கலாம்.